எஃப்.ஐ.ஆரில் பெயர் இருந்தாலும் விண்ணப்பியுங்கள்

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்வியில்தான் தொடங்கும்: “அண்ணே, லா காலேஜுக்கு அப்ளை பண்ண என்னென்ன வேணும்?” கேட்பவர்கள் குன்னம், வேப்பூர், செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்துப் பிள்ளைகள். பெரும்பாலானோர் தங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். நான் வக்கீல் இல்லை. வன்கொடுமை வழக்குகள் கீழமை நீதிமன்றங்களில் என்னவாகின்றன என்பதை முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருப்பவன். பெரம்பலூர், அரியலூர் நீதிமன்ற வளாகங்களில் என் தலை அடிக்கடி தென்படுவதால் ‘கோர்ட்டு விவரம் தெரிஞ்ச அண்ணன்’ என்று பெயர் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கேள்விக்கு நேரான பதில் சின்னது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் அரசுச் சட்டக் கல்லூரிகளில் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண். மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி பொதுப் பிரிவுக்குக் குறைந்தபட்சம் 45 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. அதன்மேல் தரவரிசை, நமது 69 விழுக்காடு இடஒதுக்கீடு. கையில் இருக்க வேண்டியவை: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ். உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் ஒரு சான்றிதழ். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு விண்ணப்பக் கட்டணத்தில் சலுகை உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. சாதிச் சான்றிதழில் கருப்பையா என்றும் மதிப்பெண் பட்டியலில் கருப்பைய்யா என்றும் அப்பா பெயர் இரண்டு விதமாக இருந்தால், விண்ணப்பம் தொடங்கும் முன்பே இ-சேவை மையத்துக்குப் போய் வரிசையில் நில்லுங்கள். அந்த ஒரு ‘ய்’ இரண்டு வாரத்தைத் தின்னும்.

இவ்வளவையும் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் அடக்கிவிடலாம். அனுப்பியும் வருகிறேன். அதைப் படித்த பிறகு, குறிப்பாகப் பையன்களிடமிருந்து, தயங்கித் தயங்கி இன்னொரு கேள்வி வருகிறது. “அண்ணே, எம்மேல ஒரு கேஸ் இருக்கு. பரவாயில்லையா?”

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

முதலில் அது எப்படிப்பட்ட ‘கேஸ்’ என்று பார்ப்போம். சேரிக்குள் பைக்கை முறுக்கிக்கொண்டு வந்த ஆட்களைக் கேட்டதில் தகராறு. சேரிக்காரர்கள் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கிறார்கள். அதே இரவில், சில சமயம் அதே மணிக்கணக்கில், எதிர்த்தரப்பிலிருந்தும் ஒரு புகார். இரண்டு எஃப்.ஐ.ஆர்களும் அடுத்தடுத்த எண்களில் பதிவாகும். இரண்டாவதில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 147, 148, 294(பி), 323, 324, 506(2) என்று அந்தப் பழகிய வரிசை. ஐந்தாறு பெயர்கள், கூடவே ‘பார்த்தால் அடையாளம் தெரியும் 20 பேர்’. அந்த இருபதுக்குள் யாரை நுழைப்பது என்பது பிறகு சாவகாசமாக முடிவாகும். பெரும்பாலும் படித்த பையன், பேசத் தெரிந்த பையன், அம்பேத்கர் மன்றத்தில் பொறுப்பில் இருக்கும் பையன். எதற்கென்றால், ‘ரெண்டு பக்கமும் கேஸ் இருக்கு, பேசி முடிச்சிக்கிங்க’ என்று சொல்வதற்கு ஒரு பிடி வேண்டும். அவன் படிப்பும் எதிர்காலமும்தான் அந்தப் பிடி. தண்ணீர் வரவில்லை என்று மறியல் செய்தால் 143, 341, 188. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா வந்து எண்கள் மாறிவிட்டன, நடைமுறை மாறவில்லை.

வழக்குக் கட்டுகளைப் புரட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. சட்டத்துக்கும் புதிதல்ல. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(பி), ஆங்கில வரிசையில் ‘பி’ அல்ல, ‘பீ’க்கும் பிறகு வெகுதூரம் தள்ளி ‘ஓ’வை அடுத்து வரும் எழுத்து, என்ன சொல்கிறதென்றால்: பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர் மீது பொய்யான, கெடுநோக்குள்ள வழக்குத் தொடுப்பதே ஒரு வன்கொடுமை. அதாவது பொய் வழக்கு என்பது சாதியின் கையில் இருக்கும் ஆயுதம் என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

இப்போது இந்திய பார் கவுன்சில் என்ன செய்தது என்று பாருங்கள். 2024 செப்டம்பர் 24 அன்று எல்லாச் சட்டக் கல்லூரிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதன்படி சட்ட மாணவர் ஒவ்வொருவரும் இறுதி மதிப்பெண் பட்டியலும் பட்டமும் பெறும் முன், தன்மேல் இருக்கும் எஃப்.ஐ.ஆர், நடக்கும் வழக்கு, தண்டனை, விடுதலை எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும். மறைத்தால் நடவடிக்கை, மதிப்பெண் பட்டியலையும் பட்டத்தையும் நிறுத்தி வைக்கலாம். கல்லூரி அந்த விவரத்தைப் பார் கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

விடுதலை என்ற சொல்லைக் கவனித்தீர்களா? குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொல்லி அனுப்பிய வழக்கையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நீதிமன்றத் தீர்ப்புக்கு மதிப்பு உண்டு என்று சொல்லிக் கொடுக்க வேண்டிய படிப்பின் வாசலிலேயே, தீர்ப்பு வந்தாலும் சந்தேகம் தீராது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதை ஆதரிப்பவர்களின் வாதம் எனக்குத் தெரியும். வழக்கறிஞர் தொழிலுக்குள் ரவுடிகள் வருகிறார்கள், கட்டப்பஞ்சாயத்து செய்கிறார்கள், நிலத்தை வளைக்கிறார்கள், கறுப்பு அங்கி அவர்களுக்குக் கவசமாகிறது என்கிறார்கள். உண்மை. கட்டப்பஞ்சாயத்தால் அதிகம் இழப்பவர்கள் நாம்தான் என்பதால் அந்தக் கவலை நமக்கும் இருக்கிறது. ஆனால் அதற்கான சட்டம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் 1973இல் சேர்க்கப்பட்ட 24-ஏ பிரிவு, யாரை வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கூடாது என்று சொல்கிறது. ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவர். அதே காரணத்துக்காக அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். இவர்களோடு இன்னொரு வகையும் உண்டு; சட்டக் கல்லூரி முடித்த பல நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன், பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955இன் கீழ் தண்டனை பெற்றவர்.

ஆம், தீண்டாமை பார்த்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர் வழக்கறிஞராகக் கூடாது. விடுதலையாகி இரண்டு ஆண்டு ஆகும்வரை இந்தத் தடை நீடிக்கும். 1976இல் அந்தச் சட்டத்துக்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. தடையின் உயிர் அப்படியே இருக்கிறது. டீக்கடையில் தனிக் குவளை வைத்தவருக்கும் கோயில் கதவைச் சாத்தியவருக்கும் கறுப்பு அங்கி கிடையாது என்று சொல்லும் சட்டம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பிரிவைக் காட்டி யாரையாவது திருப்பி அனுப்பினார்கள் என்று எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

24-ஏ பிரிவு தெளிவாக இருக்கிறது. அது தண்டனையைப் பார்க்கிறது, புகாரைப் பார்ப்பதில்லை. புகார் கொடுக்க ஒரு வெள்ளைத் தாளும் காவல் நிலையத்தில் ஓர் ஆளைத் தெரிந்திருப்பதும் போதும். காவல் நிலையத்தில் யாருக்கு ஆள் தெரியும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆரை அளவுகோலாக வைத்தால் அது குற்றத்தை அளக்காது. காவல் நிலையத்துக்கும் உனக்கும் உள்ள தூரத்தை அளக்கும். நாடாளுமன்றச் சட்டம் தடுக்காத ஒருவரை ஒரு சுற்றறிக்கை அவருடைய பட்டத்தைப் பிடித்து வைத்துக் காக்கவைக்கிறது என்றால், அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். குறைந்தபட்சம், எஃப்.ஐ.ஆர் என்ற சொல்லும் விடுதலை என்ற சொல்லும் அதிலிருந்து நீங்க வேண்டும்.

பெரம்பலூர், அரியலூரில் இது வெறும் தத்துவப் பிரச்சினை அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 31 விழுக்காடு, அரியலூரில் 23. மாநில அளவில் 20. சாதியச் சச்சரவு இந்த மண்ணில் எத்தனை சாதாரணம் என்பதை வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொண்டது 2019 ஏப்ரல் 18இல்தான். நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த அன்று பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. காணொளி ஊரெங்கும் பரவியதால் அது செய்தியானது. காணொளி இல்லாத பொன்பரப்பிகள் எஃப்.ஐ.ஆர் எண்களாக மட்டும் இருக்கின்றன. அவற்றில் பெயருள்ள பையன்களில் எத்தனை பேர், இந்தச் சுற்றறிக்கையைக் கேள்விப்பட்டு, நமக்கு எதுக்குடா சட்டப் படிப்பு என்று சிமென்ட் ஆலை ஒப்பந்த வேலைக்குப் போயிருப்பார்கள்? அவர்களில் ஒருவன் கேட்ட கேள்விதான் மேலே எழுதியது. வழக்கு என்றால் என்ன, வாய்தா என்றால் என்ன, வாய்தாவுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பதெல்லாம் பதினெட்டு வயதிலேயே தெரிந்தவன் அவன். சட்டம் படிக்க அவனைவிடப் பொருத்தமான விண்ணப்பதாரரை எனக்குக் காட்டுங்கள்.

அதே சுற்றறிக்கையில் இன்னொரு முள் இருக்கிறது. படிக்கும் காலத்தில் வேறு வேலை எதிலும் இல்லை என்று மாணவர் உறுதி கூற வேண்டும். வேலையில் இருந்தால் தடையில்லாச் சான்று வாங்கியிருக்க வேண்டும். பயோமெட்ரிக் வருகைப் பதிவும் சிசிடிவியும் கூடவே. பெட்ரோல் பங்கில் இரவு வேலை, கல்யாண மண்டபத்தில் பரிமாறுவது, சின்ன வெங்காயம் அறுவடைக் காலத்தில் ஊருக்கு வந்து கூலிக்குப் போவது, இப்படித்தான் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். பெட்ரோல் பங்க் முதலாளி தடையில்லாச் சான்று கொடுப்பாராம். சுற்றறிக்கை எழுதிய அறையில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர் ஒருவர்கூட இல்லை போலிருக்கிறது.

வேலைக்கும் சட்டப் படிப்புக்கும் உள்ள தொடர்பைச் சென்னைச் சட்டக் கல்லூரியின் கதையில் நன்றாகப் பார்க்கலாம். 1891இல் தொடங்கிய அந்தக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டியே இருந்தது. வகுப்பு முடிந்ததும் மாணவர் நடந்தே போய் ஒரு சீனியர் அலுவலகத்தில் உட்காரலாம். தொழிலும் கற்கலாம், கைச்செலவுக்கும் ஏதாவது கிடைக்கும். 2008 நவம்பர் 12 அன்று அந்த வளாகத்தில் நடந்த சாதிய மோதலை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். மூலகாரணம், தேவர் ஜெயந்திச் சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்த அம்பேத்கரை விட்டுவிட்டு அச்சடித்தது. வாசலில் நின்ற போலீஸ் உள்ளே வராமல் வேடிக்கை பார்த்ததையும் பார்த்தோம். நீதிபதி சண்முகம் ஆணையம் அமைத்தார்கள். கல்லூரியை இடம் மாற்றலாம் என்று அது பரிந்துரைத்தது. 2018இல் பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் கல்லூரி பிரிந்து போனது. சாதி இருந்த இடத்திலேயே இருந்தது. மாணவர்கள்தான் நகரத்துக்கு வெளியே போனார்கள். இடமாற்றத்தில் யாருக்கு என்ன இழப்பு என்பது சொந்த வண்டி இல்லாத மாணவருக்குத் தெரியும்.

எங்கள் இரு மாவட்டங்களுக்கும் இழக்கக்கூட ஒரு கல்லூரி இல்லை. 2017இல் விழுப்புரம், தருமபுரி, இராமநாதபுரம். 2019இல் சேலம், நாமக்கல், தேனி. பிறகு காரைக்குடி என்று அரசுச் சட்டக் கல்லூரிகள் வந்தன. நல்லது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இன்னும் திருச்சிதான் கதி. பெரம்பலூரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அரியலூரிலிருந்து இன்னும் கொஞ்சம் கூட. உள்ளடங்கிய ஊர் என்றால் முதல் பஸ்ஸைப் பிடிக்கவே விடியலில் எழ வேண்டும். பெண் பிள்ளை என்றால், “அவ்ளோ தூரம் போய் எப்ப வருவா?” என்று வீட்டில் ஒரு வாய்தா. விடுதிகளின் பெயரைச் சமூகநீதி விடுதிகள் என்று 2025இல் அரசு மாற்றியது; வரவேற்கிறேன். அதில் ஓர் இடமும் சுத்தமான கழிப்பறையும் சேர்ந்து கிடைத்தால் இன்னும் வரவேற்பேன். உயர் நீதிமன்றத்துக்கும் இதே கதைதான். பக்கத்திலிருக்கும் திருச்சிக்கு மதுரைக் கிளை, எங்களுக்குச் சென்னை. மக்களவையில் தனித் தொகுதியாக இருந்த காலத்தில் பெரம்பலூர், வேலூர் கிராமத்து வழக்கறிஞர் ஆ. இராசாவை 1996, 1999, 2004 என்று மூன்று முறை டெல்லிக்கு அனுப்பிவைத்தது. சட்டக் கல்லூரி மட்டும் வரவில்லை.

இனிமேல் கேட்டால், பார் கவுன்சில் 2025 ஆகஸ்டில் புதிய சட்டக் கல்லூரிகளுக்கு மூன்றாண்டுத் தடை போட்டிருக்கிறதே என்று பதில் வரும். அந்தத் தடையை முழுக்கப் படியுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சமூக, கல்வி நிலையில் பின்தங்கியோர் ஆகியோருக்கென்றே வரும் திட்டங்களுக்கும் தொலைதூரப் பகுதிகளுக்கும் அதில் விலக்குக்கு வழி இருக்கிறது. பட்டியல் சாதியினர் 31 விழுக்காடு வாழும் மாவட்டத்துக்காகத் தமிழ்நாடு அரசு அந்த விலக்கைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைகள் மட்டும்தான் விண்ணப்பிக்க வேண்டுமா என்ன?

திருச்சியில் இன்னொரு சட்டக் கல்வி நிறுவனமும் இருக்கிறது: நாவலூர் குட்டப்பட்டிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம். பெரம்பலூரிலிருந்து கிளம்பினால் இரண்டு மணி நேரத்துக்குள் வாசலில் நிற்கலாம். உள்ளே போக கிளாட் தேர்வு எழுத வேண்டும். 120 வினா, இரண்டு மணி நேரம், தவறான விடைக்கு கால் மதிப்பெண் கழிவு, முழுக்க ஆங்கிலம். இந்திய மொழிகளிலும் நடத்தக் கோரி டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2023இல் வழக்குப் போட்டார்கள். பார் கவுன்சில்கூட ஆதரித்தது. தேர்வு இன்றும் ஆங்கிலத்தில்தான். விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கு 3,500. சலுகை 500 ரூபாய். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு தாய் பத்து நாளுக்கு மேல் ஏரிக்கரையில் மண் வெட்டினால் ஒரு விண்ணப்பம். பயிற்சி மையச் செலவு தனி. பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கிய ‘ஐடியா’ போன்ற அமைப்புகள் ஏழை மாணவர்களுக்கு இலவசப் பயிற்சி தருகின்றன. தகுதியுள்ளவர்கள் தேடிப் பிடியுங்கள். ஆனால் தனியார் நல்லெண்ணத்தை நம்பிப் பொதுப் பல்கலைக்கழகத்தின் வாசல் திறக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

நுழைவுத் தேர்வு பற்றி அரியலூர்க்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. குழுமூர் அனிதா 1200க்கு 1176 வாங்கியவர். சுமைதூக்கும் தொழிலாளியின் மகள். நீட் வழக்கில் தன்னையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போனவர். 2017 செப்டம்பர் 1இல் அவரை இழந்தோம். அவரை மருத்துவராக முடியாத மாணவியாக மட்டுமே நினைவுகூர்கிறோம். பதினேழு வயதில் டெல்லிக்குப் போய் அரசமைப்புச் சட்டத்தின் பேரில் நியாயம் கேட்ட மனுதாரர் அவர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

விதிகளில் ஒளிந்திருக்கும் இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாண்டுப் படிப்புக்கு வருகிறவர்கள் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். பத்தாவதோடு படிப்பை விட்டு, வேலைக்குப் போய், பிறகு பிளஸ் டூ இல்லாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு 2008 விதிகளின்படி சட்டப் படிப்பில் இடமில்லை. தொலைநிலைக் கல்வியில் படித்தது தடையல்ல. அதே விதி அதை ஏற்கிறது. பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை அறுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். யாருடைய படிப்பு வரிசை அறுகிறது என்பது வேறு விஷயம். அப்படி இருப்பவர்கள் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதி, பிறகு ஐந்தாண்டுப் படிப்புக்கு முயலலாம். ஏலாக்குறிச்சி, வடுகர்பேட்டை பக்கத்துத் தலித் கிறித்தவப் பிள்ளைகளுக்கும் ஒரு குறிப்பு: 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் நீங்கள் பட்டியல் சாதியில் வர மாட்டீர்கள், இடஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோர். ஆனாலும் கல்வி உதவித்தொகையில் மதம் மாறிய ஆதிதிராவிடர்களையும் மாநில அரசு சேர்க்கிறது. அதை விட்டுவிடாதீர்கள். தெருவும் சுடுகாடும் மாறாமல் சான்றிதழ் மட்டும் மாறும் இந்த அநியாயத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இத்தனையும் தாண்டிப் பட்டம் வாங்கினால் பதிவுக் கட்டணம் என்ற கதவு இருந்தது. சட்டம் சொன்ன தொகை 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. மாநில பார் கவுன்சில்கள் வாங்கியதோ ஆயிரங்களில். ஒடிசாவில் 42,100 வரை போனது. 2024 ஜூலை 30 அன்று கவுரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. 125 ரூபாய்க்கு மேல் யாராவது பதிவுக் கட்டணம் கேட்டால் அந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லுங்கள். லண்டனிலிருந்து பாரிஸ்டராகத் திரும்பிய அம்பேத்கரிடமே 1923இல் வழக்கறிஞர் சன்னது வாங்கப் பணமில்லை. நண்பர் நவல் பாத்தேனாதான் கொடுத்து உதவினார். எல்லோருக்கும் ஒரு பாத்தேனா கிடைப்பதில்லை.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. 2018 முதல் நியமிக்கப்பட்ட 715 உயர் நீதிமன்ற நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 22 பேர், பழங்குடியினர் 16, இதர பிற்படுத்தப்பட்டோர் 89, சிறுபான்மையினர் 37. இது 2025 மார்ச்சில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தந்த எண்ணிக்கை. நீதிபதிகள் வழக்கறிஞர்களிலிருந்து வருகிறார்கள். வழக்கறிஞர்கள் விண்ணப்பப் படிவத்திலிருந்து வருகிறார்கள்.

ஆகவே வழக்கு இருக்கும் தம்பி தங்கைகளுக்கு. விண்ணப்பியுங்கள். நிலுவையிலுள்ள எஃப்.ஐ.ஆர், பதிவுக்குத் தடையாக 24-ஏ பிரிவில் இல்லை. ஆனால் மறைக்காதீர்கள், மறைத்தது தெரிந்தால் வழக்கைவிட மறைத்ததுதான் பெரிதாகும். முதலில் உங்கள் பெயர் உண்மையில் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறதா என்று பாருங்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி எஃப்.ஐ.ஆர்களைக் காவல்துறை இணையத்தில் ஏற்ற வேண்டும். பாலியல் குற்றம் போன்ற சிலவற்றுக்கே விலக்கு. பெயர் இருந்தால், குற்றப்பத்திரிகையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பல பெயர்கள் வழியிலேயே உதிர்ந்துவிடும். அது எதிர்ப்புகார்தான் என்றால், உங்கள் தரப்பு கொடுத்த முதல் புகாரின் எஃப்.ஐ.ஆரும் காயச் சான்றும் அதே கோப்பில் இருக்கட்டும். எது முதலில் வந்தது என்பதைத் தேதியும் நேரமும் சொல்லும். வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தை அணுகலாம். முன்பு 482, இப்போது 528ஆம் பிரிவு. காசில்லையே என்றால், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். ஏற்கெனவே விடுதலையாகிவிட்டீர்கள் என்றால் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு இன்றே மனுப் போடுங்கள். போடும்போது இரண்டாகக் கேளுங்கள், ஒன்று கல்லூரிக்கு, ஒன்று பார் கவுன்சிலுக்கு.